நஷ்டம் யார் கணக்கில்? குமரியிலிருந்து ஜான் ஆபிரகாமைப் பார்த்தால்

ஜான் ஆபிரகாம் என்று சொன்னால் இன்றைய கல்லூரி மாணவர்களுக்கு இந்தி நடிகர்தான் நினைவுக்கு வருவார். அதற்காக அவர்களைக் குறை சொல்ல முடியாது. நாம் பேசப்போகும் ஜான் ஆபிரகாம் 1987 மே 31 அன்று கோழிக்கோட்டில் இறந்துபோன இயக்குநர். அவர் எடுத்த முழுநீளப் படங்கள் நான்கே நான்கு. மூன்று மலையாளம், ஒன்று தமிழ்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் அவரை அறிந்தவர்கள் இரண்டு வகை. களியக்காவிளை, குழித்துறைப் பக்கம் மலையாளம் வாசிக்கத் தெரிந்த மூத்தவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் ‘அம்ம அறியான்’ (அம்மா அறிவதற்காக) பற்றிச் சொல்வார்கள். நாகர்கோவிலில் சிறுபத்திரிகை வாசித்து வளர்ந்தவர்கள் ‘அக்ரஹாரத்தில் கழுதை’யைச் சொல்வார்கள். ஒருவர் சொல்லும் படத்தை மற்றவர் பார்த்திருப்பது அபூர்வம். கேரளத்தில் அவர் மக்கள் சினிமாவின் தியாகி. தமிழ்நாட்டில் அவர் ஒரு தேசிய விருது, ஒரு சர்ச்சை, அவ்வளவுதான்.

இரண்டு தரப்பும் ஒத்துப்போகும் இடம் ஒன்று உண்டு. அது அவருடைய குடியும் தாடியும் நாடோடித்தனமும். கையில் காசு தங்காது, யார் வீட்டுத் திண்ணையிலும் படுத்துவிடுவார், எந்த மேடையிலும் எதையும் சொல்லிவிடுவார் என்று கதைகள் நூறு இருக்கின்றன. இந்தக் கதைகளைக் கேட்கச் சுவையாக இருக்கும். ஆனால் அவை அவர் படங்களை விழுங்கிவிட்டன என்பது என் எண்ணம். ஒருவர் பத்துப் பேரைக் கோபப்படுத்துவதற்குத் துணிச்சல் போதும், செலவில்லை. அந்தக் கோபத்தைப் பிலிமில் பதிந்து, கழுவி, பிரதி எடுத்து, திரையில் ஓட்ட வேண்டுமென்றால் யாரோ ஒருவர் பணம் கட்ட வேண்டும். படம் ஓடாவிட்டால் யாரோ ஒருவர் அதை இழக்க வேண்டும். ஜானின் பதினைந்தாண்டு சினிமா வாழ்க்கையை அந்த ‘யாரோ’ யார் என்ற கேள்வியோடு வாசித்தால், கலகக்காரர் என்ற பட்டத்துக்குப் பின்னால் விடாப்பிடியாக ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்த மனிதர் தெரிவார்.

இந்தக் கேள்வியைக் கேட்கக் குமரிக்காரர்களுக்குக் கூடுதல் உரிமை உண்டு. மலையாள சினிமாவின் முதல் இரண்டு மௌனப் படங்களிலும் கைக்காசை இழந்தவர்கள் இந்தப் பக்கத்து ஆட்கள்.

அகஸ்தீஸ்வரத்தைச் சேர்ந்த ஜே.சி. டேனியல் தம் நிலத்தை விற்ற பணத்தில் திருவனந்தபுரத்தில் ஒரு ஸ்டுடியோ தொடங்கி ‘விகதகுமாரன்’ படத்தை எடுத்தார். எழுதியது, இயக்கியது, கேமரா பிடித்தது, நாயகனாக நடித்தது எல்லாம் அவரே. நாயகியாக நடித்த பி.கே. ரோசி தலித் பெண். திரையில் அவர் ஏற்றது நாயர் பெண்ணின் வேடம். திருவனந்தபுரம் கேப்பிட்டல் தியேட்டரில் படம் காட்டப்பட்டபோது அதைப் பொறுக்காத கூட்டம் கல்லெறிந்து திரையைக் கிழித்தது. ரோசி ஊரைவிட்டே ஓட நேர்ந்தது. நாகர்கோவிலுக்கு வந்து, ராஜம்மாள் என்ற பெயரில் மீதி வாழ்நாளை அவர் கழித்தார் என்று அவரைப் பற்றித் தேடியவர்கள் சொல்கிறார்கள். டேனியல் ஸ்டுடியோவை இழந்தார், பல் மருத்துவம் பார்த்துப் பிழைத்தார், 1975இல் அகஸ்தீஸ்வரத்தில் இறந்தார். அவருக்கு உதவித்தொகை கேட்டபோது, தமிழ்நாட்டில் வசிப்பவர் என்று காரணம் சொல்லிக் கேரள அரசுத் தரப்பு மறுத்தது. 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது, படத்தை அந்தப் பக்கமும் படமெடுத்தவரை இந்தப் பக்கமுமாகப் பிரித்துவிட்டார்கள் போலும். இன்று கேரள அரசு சினிமாவுக்கு வழங்கும் மிக உயரிய விருது அவர் பெயரில்தான் இருக்கிறது. 1992 முதல் கொடுக்கிறார்கள்.

இரண்டாவது படம் ‘மார்த்தாண்டவர்மா’, 1933. தயாரித்தவர் நாகர்கோவில் ஆர். சுந்தர்ராஜ். இவர் டேனியலுக்கு உறவினர். பத்மநாபபுரத்தையும் சுற்றுவட்டாரத்தையும் களமாகக் கொண்ட சி.வி. ராமன் பிள்ளையின் நாவல்தான் கதை. நாவலின் உரிமையை வைத்திருந்த பதிப்பகம் வழக்குப் போட, சில நாட்களிலேயே படம் பெட்டிக்குள் போனது. பிரதியாவது புனே ஆவணக் காப்பகத்துக்குப் போய்ப் பிழைத்தது. ‘விகதகுமாரனு’க்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை.

ஒருவரைச் சாதி அடித்தது, மற்றவரைச் சட்டம் அடித்தது. இருவர் கதையிலும் நஷ்டம் முழுவதும் ஒரே தலையில் விழுந்தது. டேனியலுக்கு இன்று சிலை வைத்து, விருது கொடுத்து, அவரைப் பற்றியே படமும் எடுத்தாயிற்று. அவர் விற்ற நிலம் மட்டும் விற்றதுதான்.

பிலிம் காலத்தில் செலவு எப்படி ஏறும் என்பதையும் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். கைப்பேசியில் படம் பிடிக்கும் தலைமுறைக்கு இது புரிவது கடினம். 35 மி.மீ. பிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். ஆயிரம் அடி ரீல் ஒன்று பதினொரு நிமிடத்தில் தீர்ந்துவிடும். ஏறத்தாழ இரண்டு மணி நேரப் படத்துக்கு, வெட்டி ஒட்டி முடித்தபின் திரையில் ஓடும் நீளம் மட்டும் பத்தாயிரம் அடிக்கு மேல். ஒரு காட்சியை மூன்று முறை எடுத்தால் முப்பதாயிரம் அடி. நடிகர் வசனத்தை மறந்தாலும் காசு, மேகம் மறைத்தாலும் காசு. இதற்கு மேல் லேப் கூலி, ஒலிச்சேர்க்கை, ஒவ்வொரு பிரதிக்கும் தனிச் செலவு. ஆகவே தயாரிப்பாளர் வட்டிக்கு வாங்குவார். வட்டியை அடைக்க விநியோகஸ்தரிடம், படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் தர வேண்டிய மினிமம் கேரண்டித் தொகையைக் கேட்பார். விநியோகஸ்தர் நட்சத்திரத்தின் பெயரைக் கேட்பார். எங்கள் மாவட்டத்தைத் திருநெல்வேலியோடு சேர்த்து ‘டி.கே.’ என்று ஒரே ஏரியாவாகத்தான் விற்பார்கள். அந்த ஏரியா எவ்வளவுக்குப் போகும் என்பது கதையைப் பார்த்து முடிவாவதில்லை. போஸ்டரில் இருக்கும் முகத்தைப் பார்த்து முடிவாகிறது. இந்தச் சங்கிலியில் எந்த இடத்திலும் ஒரு கழுதைக்கு இடம் கிடைக்காது.

ஜான் குட்டநாட்டுக்காரர், பிறந்தது 1937இல். எல்.ஐ.சி.யில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர், நிரந்தரச் சம்பளத்தை உதறிவிட்டுப் புனே திரைப்படக் கல்லூரிக்குப் போனார். அங்கே வங்காள இயக்குநர் ரித்விக் கட்டக் துணை முதல்வராக இருந்த காலம் அது. மணி கௌல், குமார் சஹானி, ஜான் மூவரும் கட்டக்கின் மாணவர்கள் என்று சேர்த்தே சொல்வார்கள். மூவரும் மூன்று திசைக்குப் போனார்கள். மணி கௌலின் முதல் படத்தில் ஜான் உதவி இயக்குநர். கட்டக்கிடமிருந்து அவர் எடுத்துக்கொண்டது குடிப்பழக்கத்தைத்தான் என்று கேலியாகச் சொல்வார்கள். எனக்கென்னவோ, அவர் எடுத்துக்கொண்டது நாடக இயக்கத்தின் நினைவு என்று தோன்றுகிறது. கட்டக் ஊர் ஊராகப் போய் மக்கள் நடுவில் நாடகம் போட்ட இயக்கத்திலிருந்து சினிமாவுக்கு வந்தவர். பார்வையாளர் இருக்கும் இடத்துக்குக் கலை போக வேண்டும் என்ற எண்ணம் அங்கிருந்து வந்திருக்க வேண்டும்.

முதல் படம் ‘வித்யார்த்திகளே இதிலே இதிலே’, 1972. பந்து பட்டுப் பள்ளி நிறுவனரின் சிலை உடைந்துபோக, புதுச் சிலைக்குப் பணம் திரட்ட மாணவர்கள் படாத பாடு படுகிறார்கள். வழக்கமான தயாரிப்பு, தெரிந்த நடிகர்கள். படம் ஓடவில்லை. அதில் குறிப்பிட ஒன்றுதான் இருக்கிறது. பணம் திரட்டுவது என்ற விஷயம் ஜானின் கதைக்குள் அப்போதே வந்துவிட்டது.

அடுத்த படத்துக்கு ஐந்தாண்டு ஆயிற்று. மொழியும் மாறியது. ‘அக்ரஹாரத்தில் கழுதை’ 1977. திரைக்கதை விமர்சகர் வெங்கட் சாமிநாதன். சிறுபத்திரிகை உலகுக்கு வெளியே அவரை யாருக்கும் தெரியாது, உள்ளே அவரைக் கண்டால் பலருக்கும் பயம். ஒளிப்பதிவு ராமச்சந்திர பாபு. மையப் பாத்திரமான பேராசிரியர் நாராயணசாமியாக நடித்தவர் இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன். சினிமாவில் இசைக் கலைஞர்களுக்குச் சங்கம் அமைத்தவர், சென்னையில் சேர்ந்திசைக் குழுவை வளர்த்தவர். படத்துக்கு இசையும் அவரே. நட்சத்திரச் சம்பளம் என்ற செலவு அங்கேயே அடிபட்டுப் போனது.

கதை இதுதான். தாயை இழந்த கழுதைக் குட்டி ஒன்று பேராசிரியர் வீட்டு வாசலுக்கு வந்து நிற்கிறது. அவர் அதை வளர்க்கிறார். கல்லூரியில் கேலி கிளம்ப, கிராமத்து அக்ரஹாரத்தில் இருக்கும் பெற்றோர் வீட்டில் கொண்டுபோய் விடுகிறார். உமா என்ற வாய் பேசாத பெண் அதைப் பார்த்துக்கொள்கிறாள். ஊரில் எது தப்பாக நடந்தாலும் பழி கழுதை மேல் விழுகிறது. உமாவை ஒருவன் ஏமாற்றிக் கர்ப்பமாக்குகிறான். இறந்து பிறந்த குழந்தை கோயில் அருகே கிடக்கிறது. அதற்கும் கழுதைதான் காரணம். அடித்துக் கொல்கிறார்கள். கொன்ற பிறகு ஊரில் ‘அற்புதங்கள்’ நடக்கத் தொடங்குகின்றன. உயிரோடு இருந்தபோது தீட்டாக இருந்த கழுதைக்குக் கோயில் கட்டப் பேச்சு எழுகிறது. கடைசியில் பாரதியின் வரிகள் ஒலிக்க ஊரைத் தீ விழுங்குகிறது.

இந்தக் கழுதையை உருவகம் என்று சொல்லிவிட்டுக் கடந்துபோவது எளிது. குமரியில் இருந்து பார்ப்பவருக்கு அப்படிக் கடந்துபோக முடியாது. சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்காக 1926இலும் பிறகு 1930இலும் இங்கே சத்தியாக்கிரகம் நடந்தது. டாக்டர் எம்.இ. நாயுடு முன்னின்றார். 1936 நவம்பரில் திருவிதாங்கூரின் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்த பிறகுதான் கோயில்கள் எல்லோருக்கும் திறந்தன. ஆடும் மாடும் தாராளமாகப் போன தெருவில் மனிதர்கள் போகக்கூடாது என்று இருந்த ஊர் இது. ஜான் அந்தக் காட்சியைத் தலைகீழாக்குகிறார். தெருவுக்குள் போகக்கூடாத மிருகம் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தி, மனிதர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்கிறார். கழுதை ஒன்றுமே செய்வதில்லை. நிற்கிறது, நடக்கிறது, புல்லைத் தேடுகிறது. படத்தின் பாதிக் கோபம் அந்தச் சும்மா இருத்தலில்தான் இருக்கிறது.

குறைகள் உண்டு. ஒலி தட்டையாக இருக்கிறது. துணைப் பாத்திரங்களில் சிலர் வசனத்தை ஒப்பிக்கிறார்கள். ஊர்ப் பெரியவர்கள் சில இடங்களில் ஆட்களாக இல்லாமல் வகைகளாக நிற்கிறார்கள். சிக்கனத்தின் தழும்புகள் இவை என்று பாதியைத் தள்ளுபடி செய்யலாம். மீதிப் பாதி இயக்குநரின் பொறுமையின்மை. ஆனால் அதே 1977இல்தான் பாரதிராஜா கேமராவைக் கிராமத்துக்குக் கொண்டுபோனார், தியேட்டர்கள் நிறைந்தன. கறுப்பு வெள்ளையில் ஜான் காட்டிய கிராமத்துக்கு விநியோகஸ்தர் வரிசையில் நிற்கவில்லை. அந்த ஆண்டின் சிறந்த தமிழ்ப் படம் என்று தேசிய விருது கிடைத்தது. விருது கிடைத்த படத்தைத் தமிழர்கள் பார்ப்பதற்கு மட்டும் வழியில்லாமல் போனது. ஜான் இறந்த பிறகு தூர்தர்ஷன் ஒளிபரப்புவதாக இருந்து, எதிர்ப்புக்குப் பயந்து கடைசி நேரத்தில் விலகிக்கொண்டது. படத்தைத் தடைசெய்யாமலே இல்லாமல் ஆக்கும் வித்தை அது. தடை என்றால் நீதிமன்றம் போகலாம். ஒளிபரப்பாமல் இருப்பதற்கு எதிராக எங்கே போவது?

ஜான் இதிலிருந்து கற்றுக்கொண்டது தெளிவு. படம் எடுத்து முடிப்பதோடு வேலை முடிவதில்லை. காட்டும் வழியும் எடுப்பவர் கையிலேயே இருக்க வேண்டும்.

1979இல் வந்த ‘செறியாச்சன்டெ க்ரூரகிருத்யங்கள்’ படத்தைப் பிறகு பார்ப்போம்.

1984இல் கோழிக்கோட்டை மையமாக வைத்து ஜானும் நண்பர்களும் ஒடேசா கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். ‘பேட்டில்ஷிப் பொட்டம்கின்’ படத்தில் சோவியத் இயக்குநர் ஐசன்ஸ்டைன் எடுத்த படிக்கட்டுக் காட்சியால் சினிமா ரசிகர்கள் எல்லோருக்கும் தெரிந்த துறைமுகத்தின் பெயர். அவர்கள் செய்தது கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும். ஊர் ஊராகப் போய் மக்களிடம் காசு கேட்டார்கள். ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், முடிந்ததைப் போடுங்கள். சும்மா கேட்கவில்லை. சாப்ளினின் ‘தி கிட்’ போன்ற படங்களைத் திரை கட்டிக் காட்டினார்கள், நாடகம் போட்டார்கள், பிறகு கேட்டார்கள். சேர்ந்த காசில் எடுத்த படம் ‘அம்ம அறியான்’, 1986. எடுத்த படத்தை டிக்கெட் இல்லாமல் அதே ஊர்களுக்குக் கொண்டுபோய்க் காட்டினார்கள்.

இதைச் சென்னையில் விளக்க வேண்டுமென்றால் கூட்டு நிதி, மாற்று விநியோகம் என்று பெரிய சொற்கள் தேவைப்படும். குமரியில் தேவையில்லை. இங்கே அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி பிரிப்பார்கள். வீட்டுக்கு இவ்வளவு என்று குறித்து, ரசீதுப் புத்தகத்தோடு வாசலில் வந்து நிற்பார்கள். வரி கொடுத்தவர் கொடையைப் பார்க்க டிக்கெட் வாங்குவதில்லை. வில்லுப்பாட்டு சரியில்லை என்றால் கமிட்டிக்காரர்களைச் சட்டையைப் பிடித்துக் கேட்கும் உரிமையும் அவருக்கு உண்டு. கொடை நன்றாக நடந்தாலும் கெட்டுப்போனாலும் அது ஊருடையது. தனி ஆள் யாரும் அதனால் ஓட்டாண்டி ஆவதில்லை. ஒடேசா செய்தது ஏறத்தாழ இதைத்தான். காசை முதலிலேயே வாங்கிவிட்டால், படம் பார்ப்பவர் வாடிக்கையாளராக இருப்பதில்லை, பங்காளி ஆகிவிடுகிறார். நஷ்டம் பல்லாயிரம் துண்டாக உடைந்து, ஆளுக்கு ஒரு ரூபாயாக, யாருக்கும் வலிக்காமல் போய்விடுகிறது. அகஸ்தீஸ்வரத்தில் ஒரே ஆள் சுமந்த நஷ்டத்தை நினைத்துப் பார்த்தால் இது எத்தனை பெரிய மாற்றம் என்று விளங்கும்.

இன்னொரு விளைவும் உண்டு. கதையில் கைவைக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. வட்டிக்காரர் இல்லை, மினிமம் கேரண்டி இல்லை, ‘கிளைமாக்ஸை மாற்று’ என்று சொல்ல ஆள் இல்லை. ‘அம்ம அறியான்’ படத்தின் வடிவமே இந்த விடுதலையிலிருந்துதான் வருகிறது.

புருஷன் என்ற இளைஞன் ஆராய்ச்சிக்காக டெல்லிக்குப் புறப்படுகிறான். ஜாய் மாத்யூ நடித்த பாத்திரம். வழியில் வயநாட்டில் மரத்தில் தூக்கில் தொங்கும் ஓர் உடலைப் பார்க்கிறான். எங்கேயோ பார்த்த முகம். பயணத்தை நிறுத்திவிட்டு, இது யார் என்று நண்பர்களிடம் விசாரிக்கத் தொடங்குகிறான். இறந்தவன் ஹரி, தபலா வாசிப்பவன், தீவிர இடதுசாரி இயக்கத்தில் இருந்தவன். அவன் அம்மா கொச்சியில் இருக்கிறாள், அவளுக்குச் சொல்ல வேண்டும். கதை இவ்வளவுதான். வயநாட்டிலிருந்து கோழிக்கோடு, திருச்சூர், கொடுங்கல்லூர் வழியாகக் கொச்சி வரை போகிறார்கள். ஒவ்வோர் இடத்திலும் ஹரியைத் தெரிந்த ஒருவன் கிடைக்கிறான். அவனிடம் செய்தியைச் சொல்கிறார்கள். அவன் செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்துகிறான், வீட்டுக்குள் போய்த் தன் அம்மாவிடம் சொல்கிறான், வெளியே வந்து கூட்டத்தோடு நடக்கிறான். அடுத்த ஊரில் இன்னொருவன். ஒருவர் இருவராகி, இருவர் பத்தாகி, கொச்சி சேரும்போது ஊர்வலமாகிவிடுகிறது.

இதையே ஒரு தயாரிப்பாளரிடம் சொல்லியிருந்தால், ‘முதல் ஆளே தந்தி அடித்திருக்கலாமே’ என்று கேட்டிருப்பார். நியாயமான கேள்விதான். ஆனால் வாசல் வாசலாகப் போய்க் காசு வாங்கியவர்கள் எடுத்த படத்தில், வாசல் வாசலாகப் போய்ச் செய்தி சொல்கிறார்கள். திரட்டிய முறையே கதை சொல்லும் முறையாகவும் ஆகிவிட்டது. வேணுவின் கறுப்பு வெள்ளை ஒளிப்பதிவும் பீனா பாலின் படத்தொகுப்பும் இல்லாவிட்டால் இந்த நடை சலித்துப்போயிருக்கும். போராட்டக் காட்சிகளையும் தொழிலாளர் நினைவுகளையும் ஆவணப் படம் போல நடுநடுவே செருகி, கதை எங்கே முடிகிறது, நாட்டு நடப்பு எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறிய முடியாதபடி செய்துவிடுகிறார்கள்.

எனக்கு இந்தப் படத்தோடு ஒரு தீராத சண்டை உண்டு. படம் முழுக்க அம்மாவுக்குச் சொல்லும் கடிதம்போல் போகிறது. ஆனால் அம்மாக்கள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், நடப்பதெல்லாம் மகன்கள். முலைவரியும் தோள்சீலைக் கலகமும் பெண்களின் உடல்மேல் நடந்த அரசியல் என்று அறிந்த இந்த மாவட்டத்தில் உட்கார்ந்து பார்க்கும்போது, ஊர்வலத்தில் ஒரு தாயாவது செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கி நடந்திருக்கக்கூடாதா என்று தோன்றாமல் இருக்காது. அரசு எதிர்ப்பில் அவ்வளவு தொலைவு போனவர் வீட்டு வாசற்படியில் நின்றுவிட்டார்.

படம் முடிந்த மறு ஆண்டு ஜான் போய்விட்டார். கோழிக்கோட்டில் ஒரு கட்டடத்தின் மேல்தளத்திலிருந்து விழுந்து இறந்தபோது வயது ஐம்பதை எட்டவில்லை. ஒடேசா அதோடு நின்றுவிடவில்லை. படங்களைக் காட்டிக்கொண்டிருந்தது, ஒடேசா சத்யன் போன்றவர்கள் ஆவணப் படங்கள் எடுத்தார்கள். ஆனால் மக்கள் காசில் இன்னொரு முழுநீளக் கதைப்படம் அதே வேகத்தில் வரவில்லை. கொடை ஆண்டுதோறும் நடப்பதற்குக் காரணம் கமிட்டியில் யார் இருந்தாலும் அம்மன் அங்கேயே இருக்கிறாள் என்பதுதான். ஒடேசாவில் அம்மன் இடத்தில் ஜான் இருந்தார். அவருடைய பேச்சுக்கும் பாட்டுக்கும் பித்துக்கும் மயங்கித்தான் பலர் சட்டைப்பையில் கைவிட்டார்கள். ஓர் ஆளின் ஈர்ப்பை நிறுவனமாக மாற்றும் வேலையை அவர் செய்யவில்லை. செய்யும் குணமும் அவருக்கு இல்லை. குடியையும் நாடோடித்தனத்தையும் கொண்டாடுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கலாம். ரசீதுப் புத்தகத்தை ஒழுங்காக வைத்துக்கொள்ளும் ஆள் ஒருவர் அருகில் இருந்திருந்தால் ஐந்தாவது படம் வந்திருக்கும் என்று நான் நம்புகிறேன்.

ஜானின் முறை தமிழ்நாட்டுக்கு வந்ததா? கதைப்படத்தில் வரவில்லை. ஆவணப் படத்தில் வந்தது என்று சொல்லலாம். வீடியோ கேமரா வந்ததும் அடிக்கணக்குச் செலவு ஒழிந்தது. திருநெல்வேலிப் பக்கம் ஆர்.ஆர். சீனிவாசன் 1999 ஜூலையில் மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர் பேரணியில் போலீஸ் தடியடி நடத்த, தாமிரபரணியில் 17 பேர் இறந்ததை ‘நதியின் மரணம்’ என்று பதிவு செய்தார். மதுரையில் ஆர்.பி. அமுதன் ‘மறுபக்கம்’ என்ற பெயரில் இயங்கி, 1998 முதல் ஆவணப்பட விழா நடத்தி, மலம் அள்ளும் பெண்ணைப் பின்தொடர்ந்து ‘பீ’ எடுத்தார். அந்தத் தலைப்பைச் சொல்லவே முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். அவருக்கு அதுதான் தேவையாக இருந்தது.

அமுதனின் கதிர்வீச்சுக் கதைகள் வரிசையில் முதல் படம் எங்கள் மணவாளக்குறிச்சியைப் பற்றியது. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் இந்தப் பகுதி மணலில் மோனசைட் என்ற கனிமம் இருப்பதைக் கண்டார். கயிறு ஏற்றுமதியோடு ஒட்டிப்போன மணலில்தான் அது முதலில் கண்ணில் பட்டது. அதில் தோரியம் இருந்தது, தோரியம் அன்று கேஸ் விளக்கின் மேன்டிலுக்குத் தேவைப்பட்டது, பின்னாளில் அணுசக்திக்கும் வேண்டியதாயிற்று. மணலை எடுப்பதற்கு நிறுவனங்கள் வந்தன. கரையில் இருப்பவர்களுக்கு வந்த நோய்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அமுதன் கேமராவோடு வீடுகளுக்குப் போய் அவர்கள் சொல்வதைக் கேட்டார். படத்தில் அழகு என்று சொல்லத்தக்கது குறைவு. பேசுகிறவர்களை அவசரப்படுத்தாமல் கேமரா காத்திருக்கிறது, அதுவே அதன் பலம். நூற்றாண்டுக் காலம் உலகம் முழுக்கப் பேசப்பட்ட மணலைப் பற்றி அதன்மேல் குடியிருப்பவர் பேசுவது திரையில் அபூர்வம்.

செலவு குறைந்ததால் பிரச்சினை தீர்ந்துவிடவில்லை, இடம் மாறியது. 1952ஆம் ஆண்டுச் சினிமாச் சட்டப்படி பொதுவெளியில் காட்டும் படத்துக்குச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் இல்லாத ஆவணப் படத்தை மண்டபத்தில் போட்டால் காவல் நிலையத்திலிருந்து ஆள் வரலாம், மண்டபக்காரருக்கு ஒரு போன் போகலாம், மின்சாரம் நிற்கலாம். 2017இல் திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ படத்துக்குத் தமிழ்நாட்டில் பல ஊர்களில் திரையிட அனுமதி கிடைக்கவில்லை. அவர் யூடியூபில் ஏற்றிவிட்டார். காட்டும் வழியும் எடுப்பவர் கையில் இருக்க வேண்டும் என்ற ஜானின் பாடம் இப்படி இணையத்தில் நிறைவேறியது. ஆனால் தனித்தனியாகக் கைப்பேசியில் பார்க்கும் லட்சம் பேர் ஊர்வலமாவதில்லை. திரை கட்டிய மைதானத்தில் படம் முடிந்ததும் ஒருவர் எழுந்து ‘இது பொய்’ என்று கத்துவார், இன்னொருவர் மறுப்பார், சாப்பாட்டு நேரம் தாண்டியும் சண்டை நீளும். அந்தச் சண்டைக்காகத்தான் ஜான் டிக்கெட்டை ஒழித்தார்.

இனி பார்க்க விரும்புகிறவர்களுக்கு. டிசம்பர் தோறும் திருவனந்தபுரத்தில் நடக்கும் கேரளத் திரைப்பட விழாவுக்கு நாகர்கோவிலிலிருந்தும் மார்த்தாண்டத்திலிருந்தும் ரயிலேறிப் போகிற இளைஞர்கள் இருக்கிறார்கள். வெளிநாட்டுப் படங்களுக்கு வரிசையில் நிற்கும் அவர்களில் பலர் ஜானின் பெயரைச் சொல்வார்கள், படத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். அவர்களுக்கு என் யோசனை, ‘அம்ம அறியான்’ படத்திலிருந்து தொடங்க வேண்டாம். அது கடைசியில் பார்க்க வேண்டியது. கழுதையிலிருந்தும் வேண்டாம். சாதி பற்றி நமக்கு ஏற்கெனவே கருத்து இருப்பதால் தலையாட்டிக்கொண்டே பார்த்துவிடுவோம்.

‘செறியாச்ச’னிலிருந்து தொடங்கலாம். இந்தப் படத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை, பெரிய சர்ச்சை எதுவும் அதைச் சுற்றி நடக்காததுதான் காரணம். குட்டநாட்டு நிலக்காரர் செறியாச்சன். விவசாயத் தொழிலாளர்கள்மேல் நடக்கும் வன்முறையைப் பார்க்கிறார், தாம் எதுவும் செய்யவில்லை. எதுவும் செய்யாததே அவரை அரிக்கத் தொடங்குகிறது. யாரும் தேடாதபோதே போலீஸ் தன்னைத் தேடுவதாக நினைத்து ஒளிகிறார், தென்னை மரத்தில்கூட ஏறிப் பார்க்கிறார். நடித்தவர் அடூர் பாசி. அந்நாளில் அவர் திரையில் தோன்றினாலே மக்கள் சிரிப்பார்கள். ‘மார்த்தாண்டவர்மா’ எழுதிய சி.வி. ராமன் பிள்ளையின் மகள்வழிப் பேரன். சிரிக்கத் தயாராக உட்காரும் பார்வையாளருக்குப் பத்தாவது நிமிடத்தில் சிரிப்பு தொண்டையில் சிக்கிக்கொள்ளும்படி ஜான் அவரைப் பயன்படுத்துகிறார். கேரள அரசின் சிறந்த நடிகர் விருது அந்த ஆண்டு பாசிக்குத்தான். மலையாளம் ஓரளவு காதில் விழுந்து பழகிய நம் மாவட்டத்தாருக்குச் சப்டைட்டில்கூடத் தேவைப்படாது. ஆறும் தென்னையும் சேறும் கலந்த அந்த நிலம் விளவங்கோட்டுக்காரருக்கு அந்நியமாகவும் இருக்காது. இணையத்தில் கிடைக்கும் பிரதி மங்கலாகத்தான் இருக்கும். ஒலியைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள்.